விளக்கு வேண்டாம் என்ற காமிரா மேதை

கல்யாண வீட்டில் புகைப்படக்காரர் வந்துவிட்டார் என்பதைத் தெரிவிப்பது அவருடைய காமிரா அல்ல. பளிச்சென்று வெட்டும் வெளிச்சம்தான். அந்த வெளிச்சம் அடித்ததும் பாட்டி கண்ணை மூடிக்கொள்வாள். கைக்குழந்தை வீறிட்டு அழும். மாப்பிள்ளை முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார். படத்தில் எல்லோரும் தெளிவாக விழுவார்கள். ஆனால், அவர்கள் அவர்களாக இருக்கமாட்டார்கள்.

இந்தப் பளிச்சென்ற வெளிச்சத்தை வாழ்நாள் முழுவதும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருவர், 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்பட நிபுணர் என்று பெயர் எடுத்தார். புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த 1950ஆம் ஆண்டில், அந்த ஊருக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தவரும் அவரே. பெயர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன்.

நூல்கண்டுக் குடும்பத்துப் பிள்ளை

பிரான்ஸ் தேசத்தில் பாரீஸுக்குச் சிறிது தூரத்தில் உள்ள ஷாந்தலூ என்ற சிற்றூரில், 1908 ஆகஸ்டு 22ஆம் தேதி பிரெஸ்ஸோன் பிறந்தார். பணக்காரக் குடும்பம். குடும்பத்தின் பெயர் பொறித்த தையல் நூல்கண்டு அந்நாளில் பிரெஞ்சு வீடுகளில் பரவலாக இருந்தது. மூத்த பிள்ளை தொழிலைக் கவனித்துக்கொள்வான் என்று தகப்பனார் நம்பியிருந்தார். பிள்ளைக்கோ நூலிலும் நாட்டமில்லை, படிப்பிலும் நாட்டமில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையில் மூன்று முறை தோற்றார். அவருடைய ஆசையெல்லாம் ஓவியத்தின் மேல்தான்.

ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் போய்ச் சேர்ந்தார். கோடும் கட்டமும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன, ஒரு சித்திரத்தில் எதை எங்கே வைக்கவேண்டும் என்பதையெல்லாம் லோத் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் பிரெஸ்ஸோனின் படங்களில் காணப்பட்ட ஒழுங்குக்கு அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது.

1931இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். அங்கே கடுமையான காய்ச்சல் கண்டது. பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, தம்மை நார்மண்டியில் ஒரு காட்டோரம் அடக்கம் செய்யவேண்டும் என்றும், அப்போது டெபுஸ்ஸியின் இசை ஒலிக்கவேண்டும் என்றும் பாட்டனாருக்குத் தபால் அட்டை எழுதினார். அதற்கெல்லாம் செலவு அதிகமாகும், முதலில் உயிரோடு ஊர் வந்து சேர் என்று குடும்பத்திலிருந்து பதில் வந்தது! பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த சமயத்தில், மார்ட்டின் முன்காக்ஸி என்பவர் எடுத்த ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. மூன்று ஆப்பிரிக்கச் சிறுவர்கள் தங்கானிக்கா ஏரியின் அலைக்குள் பாய்ந்து ஓடும் காட்சி அது. ஓடுகின்ற வாழ்வை ஒரு கணத்தில் பிடித்து நிறுத்த முடியும் என்பதை அந்தப் படம் அவருக்குக் காட்டியது. 1932இல் மார்செய் நகரில் ஒரு லைக்கா காமிரா வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் சிறிய காமிரா. அன்று முதல் அதுவே அவருடைய மூன்றாவது கண் ஆயிற்று.

மின்னலைப் புட்டியில் அடைத்த கதை

அந்தக் காலத்தில் புகைப்படக்காரர்கள் வெளிச்சத்துக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியோடு வேறு ரசாயனங்களைக் கலந்து ஒரு வெடிப்பொடி செய்தார்கள். தட்டில் கொட்டிக் கொளுத்தினால் கண்ணைப் பறிக்கும் ஒளி வரும். கூடவே புகையும் வரும். சில வேளை புகைப்படக்காரரின் புருவமும் போகும்.

1929இல் அதே ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. கண்ணாடிப் பல்புக்குள் மெல்லிய அலுமினியத் தகடும் பிராணவாயுவும் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் தகடு பற்றி எரிந்து ஒளி வீசும். புகை இல்லை. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு. எரிந்த பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொன்றைப் பொருத்தவேண்டும்.

1931 வாக்கில் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்ட்டன் இன்னொரு வழியை உருவாக்கினார். மின்சாரத்தைக் கண்டென்சரில் சேர்த்துவைத்து, வாயு நிரப்பிய குழாயின் வழியே ஒரே மூச்சில் பாய்ச்சினார். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கையும்விடக் குறைந்த நேரத்துக்கு மின்னல் போன்ற ஒளி கிடைத்தது. ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். பால் துளி விழுந்து கிரீடம்போல் எழும்பும் காட்சியையும், துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துப் போகும் காட்சியையும் எட்ஜர்ட்டன் படம் எடுத்துக் காட்டியது இந்த ஒளியினால்தான். இன்று ஸ்டூடியோக்களில் குடையின் கீழ் வெட்டும் விளக்கும், கல்யாணப் புகைப்படக்காரர் பையில் போட்டு எடுத்துப் போகும் பேட்டரி விளக்கும் இதன் வாரிசுகளே.

இத்தனை வசதி வந்தும் பிரெஸ்ஸோன் அதன் பக்கம் திரும்பவில்லை. வெளிச்சம் அடியோடு இல்லாத இடத்தில்கூட பிளாஷை அடிப்பது மரியாதைக் குறைவு என்பது அவர் கொள்கை. ஒருவருடைய வாழ்வுக்குள் விருந்தாளியாக நுழைகிறவன், நுழைந்ததே தெரியாமல் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். லைக்காவின் பளபளக்கும் உலோகப் பாகங்கள்மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவைத்தார். பிறருக்குத் தம் காமிரா மினுங்கித் தெரிவதைக்கூட அவர் விரும்பவில்லை. வெளிச்சம் வீசி அறிவிப்பதற்கு எப்படிச் சம்மதிப்பார்?

மண்ணில் புதைந்த காமிரா

1937இல் ஜாவாவைச் சேர்ந்த ரத்னா மோகினி என்ற நாட்டியக்காரியை மணந்தார். கீழ்நாடுகளின்மேல் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டுக்கு இந்தத் திருமணமும் ஒரு காரணம். அதே ஆண்டில் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காக பிரெஸ்ஸோன் அங்கே போனார். மன்னரைப் படம் எடுக்காமல், மன்னரைப் பார்க்க வந்த ஜனங்களையே எடுத்துக்கொண்டு திரும்பினார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த பிரெஸ்ஸோன், ஜெர்மானியர் நெருங்கிவரும் சமயம் தம் லைக்காவை ஒரு பண்ணை நிலத்தில் புதைத்துவைத்தார். 1940 ஜூனில் பிடிபட்டார். சுமார் 3 ஆண்டு கைதி முகாம்களில் கடும் உழைப்பு. இரண்டு முறை தப்பியோடிப் பிடிபட்டுத் தண்டனை அடைந்தார். 1943இல் மூன்றாம் முறை ஓடினார், தப்பினார். புதைத்த இடத்துக்குப் போய்க் காமிராவைத் தோண்டி எடுத்தார். அது வேலை செய்தது!

அவர் யுத்தத்தில் இறந்துவிட்டார் என்று எண்ணி, நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தினர் அவருடைய படங்களுக்கு நினைவுக் கண்காட்சி ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1947இல் அந்தக் கண்காட்சி நடந்தபோது, அவரே நேரில் போய் நின்றார். அதே ஆண்டில் ராபர்ட் காப்பா முதலிய தோழர்களுடன் சேர்ந்து மாக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார். உலகத்தை ஆளுக்கொரு பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பிரெஸ்ஸோன் பங்குக்கு வந்தது ஆசியா.

மூன்று பல்புகளும் ஒரு மரணமும்

அவர் இந்தியா வந்து சேர்ந்தபோது தேசம் சுதந்திரமும் பிரிவினையும் கண்ட நேரம். குருக்ஷேத்திர அகதி முகாமைப் படம் எடுத்தார். 1948 ஜனவரி 30ஆம் தேதி பிற்பகல் டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்து, தம் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய காந்தியடிகள், கவிஞர் போல் குளோதெல் பிண வண்டி ஒன்றின் அருகே நிற்கும் படத்தில் நிறுத்தினார். அதன் பொருள் என்ன என்று விசாரித்தார். மரணத்தைப் பற்றிப் பேசினார். பிரெஸ்ஸோன் விடைபெற்றுப் போன சிறிது நேரத்துக்கெல்லாம் துப்பாக்கி வெடித்தது. அவர் திரும்பி ஓடிவந்தார். அன்றிரவு, இடிந்துபோன முகத்துடன் நேரு ஜனங்களுக்குத் துக்கச் செய்தியைச் சொல்லும் காட்சி, இருட்டும் மங்கிய வெளிச்சமுமாக அவர் காமிராவில் பதிந்தது.

இதே இடத்தில் இன்னொரு பெரிய நிபுணரையும் நினைக்கவேண்டும். அமெரிக்காவின் லைப் பத்திரிகையைச் சேர்ந்த மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற பெண்மணி அவர். பிளாஷ் பல்புகளைக் கையாளுவதில் சமர்த்தர். காந்தியடிகள் இராட்டையின் பின்னே அமர்ந்திருக்கும் உலகப் பிரசித்தமான படம் 1946இல் இவர் எடுத்தது. அதற்கு முதலில் இராட்டை நூற்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார்கள், கற்றுக்கொண்டார். பளிச்சென்ற வெளிச்சம் காந்தியடிகளுக்குப் பிடிக்காது, மூன்றே பல்புகள்தான் என்று கணக்கு வைத்தார்கள். இரண்டு வீணாயின. மூன்றாவது பல்பு மானத்தைக் காப்பாற்றியது.

ஆனால், காந்தியடிகளின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறையில் அதே அம்மையார் பிளாஷை அடித்தபோது, துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அவருடைய பிலிமைப் பிடுங்கிவிட்டு வெளியே அனுப்பினார்கள். இராட்டை அருகே வாழ்வு தந்த விளக்கு, மரணத்தின் அருகே அவமரியாதை ஆயிற்று. விளக்கு ஒன்றே, இடம்தான் வேறு.

அருணாசலத்தில் கண்ட வால் நட்சத்திரம்

சீனாவில் ஆட்சி மாறிய நாட்களையும், இந்தோனேஷியா சுதந்திரம் பெற்ற நாட்களையும் படம் எடுத்துவிட்டு, 1950இல் பிரெஸ்ஸோன் மறுபடி இந்தியா வந்தார். இந்தத் தடவை தமிழ்நாடு. மதுரையில் வற்றி மெலிந்த குழந்தையையும் தாயையும் அவர் எடுத்த படம் பார்ப்பவர் மனத்தை உலுக்கும்.

ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி நோயுற்றுக் கிடந்த கடைசி நாட்கள் அவை. ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு மகரிஷி சித்தியடைந்தார். அதே வேளையில் ஒளி வால் ஒன்றுடன் ஒரு நட்சத்திரம் வானத்தில் மெல்ல நகர்ந்து அருணாசலத்தின் உச்சிக்கு அப்பால் மறைந்ததைப் பிரெஸ்ஸோன் கண்டார். உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். காமிராவைத் தூக்கவும் நேரமில்லாத காட்சி. எந்தப் பல்பும் எட்டாத வெளிச்சம்.

புதுச்சேரியில்

அங்கிருந்து அவர் வந்தது புதுச்சேரிக்கு. வங்கத்திலிருந்து 1910 ஏப்ரல் 4ஆம் தேதி கப்பலில் வந்து இறங்கிய ஸ்ரீ அரவிந்தர், பிறகு இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. 1926 நவம்பர் முதல் தம் அறைக்குள்ளேயே ஒதுங்கிவிட்டார். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே தரிசனம். சுமார் 30 ஆண்டுகளாக அவரை யாரும் படம் எடுத்ததில்லை. அடியார்கள் பூஜித்த படமெல்லாம் பழைய படங்கள். கறுத்த தாடியோடு பார்த்தவர், இப்போது எப்படி இருக்கிறார் என்பது வெளியூர் ஜனங்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் 24 தரிசன நாள். 1920இல் அன்னை புதுச்சேரிக்கு நிரந்தரமாக வந்து சேர்ந்த தினம் அது. சித்திரை வெயில் கடற்கரைச் சாலைகளில் தகிக்கும் பருவம். வெள்ளைச் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் கண் கூசும். ஆனால், ஸ்ரீ அரவிந்தர் இருந்த அறையில் அந்த வெளிச்சம் இல்லை. நிழலும் குளிர்ச்சியுமான அறை. அவருக்கு வயது 77. பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது.

பிரெஸ்ஸோன் தம் வேண்டுகோளை அன்னையிடம் வைத்தார். பாரீஸில் பிறந்த அன்னைக்கும் அவருக்கும் பேச்சு மொழி ஒன்றே. இத்தனை ஆண்டுகளாக மூடியிருந்த கதவு இந்தப் பிரெஞ்சுக்காரருக்குத் திறந்தது. ஸ்ரீ அரவிந்தர் சம்மதித்தார்.

இனி பிரெஸ்ஸோனின் தர்மசங்கடத்தை எண்ணிப் பாருங்கள். உலகமே காணக் காத்திருக்கும் முகம். அறையோ மங்கல். அந்தக் காலத்து பிலிம் இன்றைய காமிராக்களைப்போல இருட்டில் பார்க்க வல்லதல்ல. எடுத்த படம் சரியாக விழுந்ததா என்று அங்கேயே பார்க்கவும் வழியில்லை. பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதற்குள் அறைக்கதவு மூடிவிடும். இன்னொரு தடவை அனுமதி கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. வேறொருவராக இருந்தால் இரண்டு பல்புகளை எரித்து, படம் தெளிவாக விழுவதை உறுதி செய்துகொண்டிருப்பார்.

பிரெஸ்ஸோன் தம் வழக்கத்தை மாற்றவில்லை. அறைக்குள் இருந்த வெளிச்சத்தை நம்பினார். இதில் வெறும் பிடிவாதம் மட்டும் இல்லை. தொழில் கணக்கும் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் லென்ஸின் வாயை அகலத் திறக்கவேண்டும். ஷட்டரையும் மெதுவாக மூடவிடவேண்டும். அப்படிச் செய்தால் படம் பிடிப்பவர் கையும் அசையக் கூடாது; எதிரே இருப்பவரும் அசையக் கூடாது. பிரெஸ்ஸோனின் கை பல்லாண்டுப் பழக்கத்தில் உறுதிப்பட்ட கை. எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தவரோ, தாம் பார்த்த சுமார் 10 நிமிஷமும் இமைகூடக் கொட்டவில்லை என்று அவர் வியந்து குறித்துவைத்தார். புகைப்படக்காரனுக்கு இதைவிடப் பாக்கியம் வேறென்ன?

வெண்தாடியும் தோளில் புரளும் வெண்முடியுமாக, எங்கோ தொலைவை நோக்கும் கண்களோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் முதியவரின் உருவம் பிலிமில் பதிந்தது. ஒரு பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வெளிச்சம் நெற்றியைத் தொட்டு, கன்னத்தில் நிழலாக இறங்குகிறது. முன்னாலிருந்து பிளாஷ் அடித்திருந்தால் அந்த நிழல் போயிருக்கும். நிழல் போனால் வயதும் போகும், ஆழமும் போகும். தரிசனத்தில் ஸ்ரீ அரவிந்தரும் அன்னையும் சேர்ந்து அமர்ந்திருப்பதையும், அன்னை அன்பர்களுக்கு ஆசி கூறுவதையும், ஆசிரம வாழ்க்கையின் பல காட்சிகளையும் அவர் எடுத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி ஸ்ரீ அரவிந்தர் மறைந்தார். அவர் உயிரோடு இருக்கையில் எடுக்கப்பட்ட கடைசிப் படங்கள் பிரெஸ்ஸோன் எடுத்தவைதான் என்று ஆயிற்று. அன்று அவர் தயங்கித் திரும்பியிருந்தால், அந்த முதுமையின் முகம் உலகத்துக்குக் கிடைத்திருக்காது. காந்தியடிகள், ரமணர், அரவிந்தர் ஆகிய மூவரையும் அவரவர் வாழ்வின் இறுதியில் படம் எடுக்கும் வாய்ப்பு இந்த ஒரு மனிதருக்கு வாய்த்தது.

எந்த விளக்கு நல்லது?

பிரெஸ்ஸோன் வேண்டாம் என்றதால் பிளாஷ் விளக்கு கெட்டது என்று ஆகிவிடாது. கல்யாண மண்டபத்தில் 40 பேரை வரிசையாக நிறுத்தி இரவு 9 மணிக்குப் படம் எடுக்கவேண்டியவருக்கு அது இல்லாமல் முடியாது. எந்த விளக்கை வாங்குவது என்பதில்தான் யோசனை வேண்டும்.

முதலில் தூரத்தைப் பார்க்கவேண்டும். 5 அடியில் விழும் ஒளி 10 அடிக்குப் போகும்போது பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி அல்ல, கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே ஒருவரை மட்டும் அருகில் வைத்து எடுப்பதற்குச் சிறிய விளக்கே போதும். பெரிய கூட்டத்துக்கு வலுவான விளக்கு வேண்டும். அடுத்தது, ஒளியின் அகலம். விளக்கை நேரே முகத்தில் அடித்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகி, பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். வெள்ளைக் குடையிலோ சுவரிலோ கூரையிலோ அடித்துத் திருப்பினால், ஒளி பரந்து மெதுவாக வந்து விழும். இதற்கு ஒளியில் ஒரு பகுதி செலவாகும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தே விளக்கு வாங்கவேண்டும். தலையைத் திருப்ப முடியாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் உபயோகம் குறைவு.

மூன்றாவது, சுமை. பேட்டரி, ஸ்டாண்டு, குடை எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவேண்டியவர் எடையைப் பார்க்கவேண்டும். ஒரு முறை அடித்தபின் மறுமுறை தயாராக எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் பார்க்கவேண்டும். தாலி கட்டும் நேரம் விளக்குக்காகக் காத்திராது.

இவ்வளவும் கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். கடையில் சொல்லித்தராத ஒன்று உண்டு. இந்த இடத்தில் விளக்கை ஏற்றலாமா என்பதுதான் அது. அதை பிரெஸ்ஸோனிடம்தான் கற்கவேண்டும்.

பென்சிலுக்குத் திரும்பினார்

1952இல் பிரெஸ்ஸோனின் பெரிய புத்தகம் பாரீஸில் வெளிவந்தது. அதன் மேலட்டைக்குச் சித்திரம் தீட்டித் தந்தவர் ஓவிய மேதை மத்தீஸ். காட்சியின் பொருளும் வடிவமும் கூடிவரும் தீர்க்கமான கணம் என்ற அவருடைய கருத்து, அந்தப் புத்தகத்தின் வழியே புகைப்படக்காரர்களுக்கு மந்திரமாயிற்று. 1954இல் சோவியத் ருஷ்யாவுக்குச் சென்று அந்நாட்டு ஜனங்களைப் படம் எடுத்தார். உலகம் சுற்றினார். பெயரும் புகழும் குவிந்தன. அவரோ தம் முகத்தைப் பிறர் படம் எடுப்பதை விரும்பவில்லை. முகம் தெரிந்துவிட்டால், கூட்டத்தில் கலந்து நிற்க முடியாதே!

1970இல் மார்ட்டின் பிராங்க் என்ற புகைப்படக்காரியை இரண்டாம் மனைவியாக மணந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டு, இளமையில் விட்ட பென்சிலைக் கையில் எடுத்தார். மணிக்கணக்கில் உட்கார்ந்து மரங்களையும் மனிதர்களையும் வரைந்தார். 2003இல் அவர் பெயரால் பாரீஸில் ஓர் அறநிலையம் தொடங்கியது. 2004 ஆகஸ்டு 3ஆம் தேதி, தெற்கு பிரான்ஸில், 96ஆம் பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கையில் காலமானார்.

புதுச்சேரி 1954 நவம்பர் முதல் தேதி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சி போயிற்று. தெருப் பெயர்களும் மஞ்சள் வெள்ளைச் சுவர்களும் மிஞ்சின. அவற்றோடு அந்தப் படங்களும் மிஞ்சின. ஸ்ரீ அரவிந்தரின் முதுமைத் தோற்றம் இன்று எத்தனையோ வீடுகளில் சுவரில் தொங்குகிறது. அதன்முன் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறவர்களில் பலருக்கு, எடுத்தவர் பெயர் தெரியாது. தம் வரவை ஒரு மின்னலால்கூட அறிவிக்க விரும்பாத அந்த மனிதருக்கு, இதில் வருத்தம் இருந்திருக்காது.